சம்பந்தம் பேசப் போன சைக்கிள்

நான் மயிலாப்பூரில் ஜாக்கெட் தைக்கிற டெய்லர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பெண்களுக்கு அளவெடுக்க மாட்டேன். அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுத்தால் அதைப் பார்த்துத் தைத்துத் தருவேன். தெருவில் சிலர் இதை என் ஒழுக்கம் என்று மரியாதையாகச் சொல்வார்கள். உண்மையில் அது கூச்சம்தான்.

என் மகள் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். அந்த வேலைக்கான பரீட்சைக்குப் படிப்பதற்காகக் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது அங்கே ஒரு பையனும் படிக்க வந்திருக்கிறான். பரீட்சையில் இவள் பாஸ், அவன் பெயில். பேச்சு மட்டும் நிற்கவில்லை. அவன் அப்பாவுக்குத் தி.நகரில் பாத்திரக்கடை. தெற்கத்திக் குடும்பம். பையன் இப்போது கடையைத்தான் பார்த்துக்கொள்கிறான்.

எங்கள் வீட்டில் எதிர்ப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டில்தான் சிக்கல். பையனின் அம்மா ஒரு நகைக்கடைக் குடும்பத்துப் பெண்ணை மனதில் வைத்திருந்தார். ஆவணி பிறந்ததும் அந்த வீட்டுக்குப் போய்ப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அம்மா விட்டுவிடுவார். ஆனால் அப்பா சாமானியமாக எந்த வார்த்தையும் சொல்கிற மனிதர் இல்லை. இவ்வளவும் மகள் சொல்லி எனக்குத் தெரியும்.

ஆடி பிறந்த வாரம் பையன் என் கடைக்கு வந்தான்.

"அங்கிள், அப்பா ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிள் ஓட்டப் போவாரு. உங்களையும் வரச் சொன்னாரு."

"எதுக்குப்பா?"

"சைக்கிள் ஓட்டத்தான்" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "பேசறதுக்குன்னு நினைக்கிறேன்" என்றான்.

அவன் வாங்கிவிட்டு ஓட்டாமல் வைத்திருந்த ஒரு சைக்கிளை எனக்காகக் கொண்டுவந்திருந்தான். கிராவல் பைக் என்று பெயர் சொன்னான். கைப்பிடி ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி கீழ்ப்பக்கம் வளைந்திருந்தது. ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல்லும் இல்லை. என்னுடைய சைக்கிளைவிடப் பல மடங்கு விலை என்றான். இத்தனையையும் கழற்றக் கூலி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது தார் ரோட்டுலயும் போகும் அங்கிள், மண்ணு ரோட்டுலயும் போகும்."

என்னுடைய பழைய சைக்கிளும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதை அவனிடம் சொல்லவில்லை.

எங்கள் ஜனங்களில் ஒரு வழக்கம் உண்டு. பையன் வீட்டார்தான் முதலில் வாயைத் திறந்து, 'பெண் கேட்டு வருகிறோம்' என்று சொல்ல வேண்டும். பெண்ணைப் பெற்றவன் முந்திக்கொண்டால், பெண்ணிடம் ஏதோ குறை, தள்ளிவிடப் பார்க்கிறான் என்றாகிவிடும். அதோடு இது ஆடி மாதம். கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆடி முடிகிற வரை காத்திருக்கலாம் என்றால் நகைக்கடைக்காரர்கள் ஆவணியின் வாசலில் நிற்கிறார்கள். இப்படி எல்லாப் பக்கமும் அடைபட்ட நிலையில்தான் நான் அந்தச் சைக்கிளில் ஏறினேன்.

"பேசவும் கூடாது, பேசாமலும் கூடாதுன்னா எதுக்குதான் போற?" என்றாள் மனைவி.

"அவர் கூப்பிட்டாரே."

"அவரே பேச்சை எடுத்தாருன்னா?"

"எடுத்தா தலையை ஆட்டுவேன்."

"அதையாவது சரியா ஆட்டு" என்றாள்.

அடையாறு பாலம் தாண்டி நிற்கச் சொல்லியிருந்தார். விடிகிற நேரத்தில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. கடையின் லோடு வண்டி. அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னைவிடச் சற்றுப் பெரியவர். வெள்ளை மீசை, இறுக்கமான பனியன், தலையில் ஓட்டை ஓட்டையாக ஒரு ஹெல்மெட். பின்னால் அவருடைய சைக்கிள் படுத்துக் கிடந்தது. அதைச் சுற்றிலும் குண்டான்கள், இட்லிப் பானைகள், எவர்சில்வர் குடங்கள்.

"வாங்க அண்ணாச்சி. ஏறுங்க" என்றார்.

என்னை அதுவரை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. நான் "சரி சார்" என்றேன்.

வண்டி கிளம்பியதும் பின்னால் இருந்த பாத்திரங்கள் எல்லாம் பேசத் தொடங்கின. கொட்டிவாக்கம் வந்தது, நீலாங்கரை வந்தது, அவை ஓயவில்லை. நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினார். திடீரென்று சத்தம் நின்றுபோனதில் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"ஆடித் தள்ளுபடி அண்ணாச்சி. கடையில ஒரே மைக் சத்தம். அதான் ஞாயித்துக்கிழம காலையில இங்கிட்டு வந்துருவேன்" என்றார்.

எனக்கு நேர்மாறு. ஆடியில் முகூர்த்தம் இல்லை. முகூர்த்தம் இல்லாவிட்டால் ஜாக்கெட் இல்லை. அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். முகூர்த்தம் என்ற சொல்லை நான் எடுத்தால் பேச்சு எங்கேயோ போய்விடுமே என்று விட்டுவிட்டேன்.

தார்ச்சாலையிலிருந்து மேற்கே இறங்கிப் போனால் பக்கிங்காம் கால்வாய். அதன் கரைமேல் செம்மண்ணும் சரளையும் போட்ட பாதை. நம் ஊருக்குள் ஓடும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அதே கால்வாய் அங்கே தெளிவாக, அகலமாக, வெள்ளைக் கொக்குகளோடு கிடந்தது. நம்மை நகரத்தில் தெரியும் என்று காட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் உப்பளம். அதைத் தாண்டினால் இறால் பண்ணைக் குட்டைகள், பனைமரங்கள். எதிர்க்காற்று. அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். சரளைக்கல் டயருக்கடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் போட்டது.

திரும்புகிற இடத்தில் இறங்கி நின்றோம். தண்ணீர் குடித்தார். என் சைக்கிளின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வருகிறது என்று நானும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

"காத்து ஜாஸ்தியா இருக்கு. கொஞ்சம் இறக்குனா மண்ணுல நல்லாப் போவும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொன்னாரு?"

"காத்தைக் குறைக்கணும்னு சொன்னாரு."

"எதுல?"

"டயர்ல."

மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் என்னால் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. அந்தச் சைக்கிளின் சீட்டு, உட்காருவதற்காகச் செய்ததே இல்லை. நின்றுகொண்டு ஜாக்கெட் தைக்க முடியாது. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருந்தார். அதனால் ஒரு பழைய கால்சட்டையைப் பிரித்து, உட்காருமிடத்தில் உள்பக்கமாக ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தேன். கடையில் இருந்த ஸ்பாஞ்ச் ஜாக்கெட்டுக்கு வைக்கிற கப்தான். இரண்டு கப் சரியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் பிறகு நடந்தது புரிய வேண்டுமானால் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு கால்வாய்க்கரையில் அவர் அடிக்கடி சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தார். நான் எழவே இல்லை. திரும்புகிற இடத்தில் அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கால்சட்டை எங்க வாங்குனிய?"

"நானே தைச்சது சார்."

"உள்ள என்ன வச்சிருக்கிய?"

"ஸ்பாஞ்ச்."

தலையை ஆட்டிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் நடந்த முதல் நீளமான பேச்சு அதுதான். கிளம்பும்போது, "எனக்கொண்ணு தைச்சுத் தர முடியுமா?" என்றார். எதை வைத்துத் தைப்பேன் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. "அளவுக்கு ஒண்ணு கொடுத்தனுப்புங்க" என்று மட்டும் சொன்னேன். அன்று மாலையே பையன் ஒரு பையில் கால்சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"சம்பந்தம் பேசப் போய் டவுசர் ஆர்டர் எடுத்துக்கினு வந்துகீறாரு" என்று மனைவி அவள் தங்கையிடம் போனில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சத்தமாகத்தான் சொன்னாள்.

அவர் உடம்புக்கு மூன்று கப் தேவைப்பட்டது.

மூன்றாவது ஞாயிறு என் டயரில் கருவேல முள் ஏறிவிட்டது. அவர் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்க வேண்டும் என்பதால் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருக்கேன்" என்றார் அவர், டயரைப் பார்த்துக்கொண்டே.

ஆடியாக இருந்தால் என்ன, அவரே கேட்கிறார், தலையை ஆட்டிவிடலாம் என்று தயாராக நின்றேன்.

"கால்சட்டைல ஒரு பாக்கெட் வைக்க முடியுமா? போன் வைக்கிறதுக்கு."

தலையை ஆட்டினேன்.

அதன் பிறகு வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம் மகள் கடைக்கு வந்தாள். வழக்கமாக அவள் கடைக்கு வரமாட்டாள். வெட்டித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வர்ற வியாழக்கிழமை, ஆவணி பிறந்ததுமே, அவங்க அம்மா நகைக்கடைக்காரங்க வீட்டுக்குப் போறாங்களாம். பூவோட போறாங்களாம்."

பூவோடு போனால் முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"அவன் சொல்லிப் பாக்கலையா?"

"சொல்லிட்டான். பொண்ணோட அப்பாவுக்கு இஷ்டம் இருக்கிற மாதிரித் தெரியலயேன்னு அவங்க அப்பா சொல்றாராம். இத்தனை வாரம் வந்தாரு, ஒரு வார்த்தை சொல்லலையேன்னு."

அவள் எழுந்து நின்றாள்.

"நாளைக்கு உங்களுக்குப் போகப் பிடிக்கலைன்னா போகாதீங்கப்பா. பரவால்ல. நீங்க யார்கிட்டயும் போய்ப் பேசி நான் பார்த்ததே இல்ல. எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே சொன்னாள்.

மறுநாள் லோடு வண்டியில் போகும்போது வரிசையாக வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தேன். திருவிடந்தைக் கோயில் வந்தது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை வாங்கிக்கொண்டு சுற்றுகிற கோயில் அது. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு வாரமும் போனோம். இருவரும் ஒவ்வொரு வாரமும் நேராகத்தான் பார்த்தோம். அன்றும் அப்படியே. சைக்கிளை இறக்கியதும் அடுக்கிய வார்த்தைகள் கலைந்துவிட்டன.

கரையில் கொஞ்ச தூரம் போனதும் பாதை மறித்திருந்தது. கரையோர ஊரில் அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். பாதையின் குறுக்கே பந்தல், வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி, பெரிய அண்டாக்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போகப் பார்த்தோம். ஒரு பெரியம்மா விடவில்லை. அண்டாவுக்குப் பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் சொம்போடு நின்றார்.

"இன்னா, ஆத்தா கூழைத் தாண்டிக்கினு போறீங்க? வரிசையில வாங்க."

வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் எல்லோரும் தூக்குவாளியும் குண்டானுமாக நின்றார்கள். எங்கள் முறை வந்தது.

"ஏனம் எங்க?" என்றார் பெரியம்மா.

இருவரும் கையை விரித்தோம். ஹெல்மெட்டைக் கழற்றி நீட்டலாம் என்றால் அதில் நிறைய ஓட்டை.

"வெறுங்கையோட கூழு வாங்க வந்துகீறீங்களே, வீட்ல ஏனம் கெடையாதா?"

"பாத்திரக்கடையே வச்சிருக்கேம்மா" என்றார் இவர்.

"அப்புறம் இன்னாத்துக்குக் கைய நீட்டிக்கினு நிக்கிற?"

பின்னால் வரிசையில் சிரித்தார்கள். பெரியம்மா தம்முடைய சொம்பையே கூழில் முக்கி எடுத்தார். கொடுக்கப் போனவர் நிறுத்தினார்.

"ஒரு குடும்பத்துக்கு ஒரு சொம்பு. எல்லாருக்கும் வரணும். நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா, வேற வேறயா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சொம்பைப் பார்த்தேன். வேறு வேறு என்று சொல்ல வேண்டியதுதான். அதுதான் உண்மை. சொல்லிவிட்டால் இரண்டு சொம்பு கிடைக்கும், குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

"இன்னும் இல்லன்னா?"

"இவர் பையன். என் பொண்ணு." அதற்கு மேல் வரவில்லை.

பெரியம்மா என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற?"

"நான் என்னம்மா சொல்ல? வீட்டுக்கு வாங்கன்னு பொண்ணைப் பெத்தவுக ஒரு வார்த்தை கூப்பிடணும். கூப்பிடாம எங்க ஆளுக அந்த வாசப்படி ஏற மாட்டோம். இன்னைக்குக் கூப்பிடுவாக, நாளைக்குக் கூப்பிடுவாகன்னு நானும் வாரா வாரம் கூட்டிட்டு வாரேன். இவுக டயரைப் பாத்துட்டே நிக்காக. பிடிக்கல போலன்னு நினைச்சேன்."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் எங்கிருந்தோ பேச்சு வந்தது. அவரிடம் இல்லை, பெரியம்மாவிடம்.

"அவங்க வரோம்னு சொல்லாம நான் எப்படிம்மா கூப்பிடறது? எங்களுது பொண்ணு வீடு. பையன் வீட்டுக்காரங்கதான் மொதல்ல சொல்லணும்."

"ஏம்மா, கூழு ஊத்துறியா, கல்யாணம் பண்ணி வைக்கிறியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"இருடா, ரெண்டும்தான்" என்றார் பெரியம்மா. பிறகு சொம்பை எங்கள் இருவருக்கும் நடுவில் தூக்கிப் பிடித்தார். "இவரு வான்னு சொல்லணுமாம். அவரு வரேன்னு சொல்லணுமாம். ரெண்டு பேருக்கும் வாயில கொழுக்கட்டையா வெச்சிகீது? நீ வாங்கன்னு சொல்லு."

"ஆடி மாசம்மா" என்றேன்.

"ஆத்தா மாசம், ஆத்தா எதிர்ல நிக்கிற. இதுக்கு மேல இன்னா நல்ல நேரம் ஓணும்? சொல்லு நைனா, வரிசை நிக்கிது."

நான் அவரைப் பார்த்து, "வீட்டுக்கு வாங்க" என்றேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அது கொஞ்சம் சத்தமாகிவிட்டது. வரிசையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாரோம்" என்றார் அவர்.

ஒரே குடும்பம் என்று முடிவாகிவிட்டதால் ஒரே சொம்புதான் கிடைத்தது. வேப்பமரத்தடியில் நின்று மாற்றி மாற்றிக் குடித்தோம். சின்ன வெங்காயம் இருந்தது, கருவாட்டுக் குழம்பு தனியாக இலையில் கொடுத்தார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி, கேழ்வரகு நல்லது என்று சொல்லிப் பாதிக்கு மேல் அவரே குடித்தார். நான் கவனித்தேன். குடித்து முடித்ததும் புதுப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துச் சற்றுத் தள்ளிப் போனார். ஆனாலும் கேட்டது.

"நான்தான். வியாழக்கிழம போவ வேண்டாம்... வேண்டாம்னா வேண்டாம்... ஆமா, பேசிட்டோம்... அவுகதான் கூப்பிட்டாக... கூழ் ஊத்துற இடத்துல." அதற்குப் பிறகு வெகுநேரம் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். முகம் மாறவில்லை. கடைசியில், "நான் சொல்லியாச்சு" என்று வைத்துவிட்டார். என்னிடம் வந்து, "ஆவணி மொத முகூர்த்தத்துல வாரோம்" என்றார். சொம்பைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியம்மா அதற்குள் வேறு யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலுக்கு வரவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வராங்களாம்" என்றேன்.

"யாரு?" என்றாள் மனைவி.

"அவங்கதான். ஆவணியில. மொத முகூர்த்தத்துல."

கீரைக்கட்டு அவள் மடியிலிருந்து தரையில் விழுந்தது. மகள் என்னைப் பார்த்தாள். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. அதில் என் பேச்சும் அடிபட்டது.

மனைவி கீரையைப் பொறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஃபேன் சத்தம் போடுகிறது, ஜமக்காளம் யாரிடம் கேட்பது, கேசரியா சொஜ்ஜியா.

"எத்தினி பேரு வருவாங்கன்னு சொன்னாரா?" என்றாள்.

"அதைக் கேக்கலையே."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அடுத்த ஞாயிறு கேக்கறேன்" என்றேன்.